நூறு பல்லுச் சில்லு

"இஞ்சாரும், இதில எத்தினை எண்டு ஒருக்காப் பாரும்."

லேத்தின் முன்னால் குனிந்து நின்றபடி இவர் கேட்டார். கலியாணம் முடித்து ஒன்பது வருடத்தில் இவர் என்னிடம் கேட்ட முதல் அளவு அதுதான். அளவு விஷயத்தில் இவருக்கு ஊரில் யாரிலும் நம்பிக்கை கிடையாது. நான் யாழ்ப்பாணத்தில் முறையாகப் படித்து, யந்திரப் படம் கீறுகிற வேலை பார்த்தவள். இருந்தும் நான் அளந்ததை இன்னொரு முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் இரும்பில் கை வைப்பார். அதனால் அன்று என்னைச் சீண்டுகிறார் என்றே நினைத்தேன்.

லேத் என்றால் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இரும்பைச் சுழலவிட்டு, உளியால் கடைந்து எடுக்கிற யந்திரம் அது. உளியை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு கைச்சில்லு, கையால் திருகுகிற சக்கரம், இருக்கும். சில்லின் கழுத்தில் நூறு கோடுகள். சில்லு ஒரு கோடு நகர்ந்தால் உளி அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு நகரும். எங்கள் ஆட்கள் அதை ஒரு தௌ என்பார்கள்.

எட்டிப் பார்த்து, "முப்பத்தாறு" என்றேன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்" என்றார்.

அது பச்சைப் பொய். ஏனென்றால் இவர் அதைச் சொன்ன நேரம் நான் கோட்டைப் பார்க்கவில்லை, இவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சில்லுக்கு நாலு விரல் தள்ளி, எண்ணெய்த் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பென்சில் பெட்டி

இவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கிளிநொச்சிப் பக்கம் இருந்தபோதே தொடங்கியது. பிறகு சண்டையில் இடம்பெயர்ந்து முள்ளியவளைக்கு வந்த அலைச்சலில் குளிசையும் இல்லை, பத்தியமும் இல்லை. சனம் கூரைத் தகரத்தையும் கோழிக்கூட்டையும் ஏற்றிக்கொண்டு வந்த அந்த மழையில், இவர் உழவு யந்திரப் பெட்டியில் லேத்தை ஏற்றினார். இடம் போதாமல் என் அலுமாரியை இறக்கி வைத்தார். அதற்காக நான் மூன்று நாள் கதைக்கவில்லை. பிறகு அந்த லேத்துத்தான் எங்களுக்குச் சோறு போட்டது என்பதால் நானாகவே கதைக்கத் தொடங்கினேன்.

மின்சாரம் இல்லாத காலம். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மிசினைக் கொட்டிலில் பூட்டி, அதிலிருந்து ஒரு பெல்ற் போட்டு லேத்தைச் சுழற்றினார். தண்ணீர்ப் பம்பிக்குத் தண்டு சுழல்கிற வளையமான புஷ், உழவு யந்திரத்துக்கு அச்சு, வள்ளத்து எஞ்சினுக்குத் தண்டு என்று வேலை வந்துகொண்டே இருந்தது.

முப்பத்தாறு கேட்ட அன்றைக்குப் பிறகுதான் விசாரித்தேன். ஐந்து மாதமாகவே கோடுகள் தெரியவில்லையாம். கோட்டை நகத்தால் தடவித் தடவி ஒப்பேற்றியிருக்கிறார். எனக்குச் சொன்னால் நான் அழுவேன் என்று நினைத்தாராம். அழவில்லை, நன்றாக ஏசினேன்.

வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனார். பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். கண்ணுக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். சைக்கிள் கரியரில் கட்டியிருந்த பையை அவிழ்த்து ஒரு பெட்டி பென்சில் எடுத்துத் தந்தார். படம் கீறுகிற நல்ல பென்சில். ஆமியின் சோதனைச் சாவடியில் இரண்டை எடுத்துக்கொண்டு பத்தை விட்டார்களாம், எழுதிப் பார்த்துத்தான் விட்டார்களாம், நல்ல கறுப்பாம். நான் கண்ணைப் பற்றிக் கேட்கக் கேட்க இவர் பென்சிலைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

வெளிச்சமும் உருவங்களும் தெரியும். கோடும் எழுத்தும் இனித் தெரியாது. பிந்தி வந்துவிட்டீர்கள் என்று டொக்டர் சொன்னதைப் பிறகு ஒரு நாள் சொன்னார்.

என் கண்

அன்றிலிருந்து நான் லேத்துக்குப் பக்கத்தில் நின்றேன். காலையில் உலை வைத்துவிட்டு வந்து நிற்பேன். இவர் இரண்டு கால் உள்ள அளவுக் கருவியான கலிப்பரை விரித்துத் தொட்டுப் பார்ப்பார். கலிப்பர் இரும்பில் உரசுகிற உரசலிலேயே எவ்வளவு மிச்சம் என்று இவருடைய விரலுக்குத் தெரியும். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உளியை எத்தனை கோடு நகர்த்துவது என்பதற்கு என் வாய் வேண்டும். பதினேழு, பதினெட்டு என்று நான் சொல்லச் சொல்ல இவர் திருகுவார். இவருடைய சட்டைக் கை பெல்றில் மாட்டிவிடுமோ என்று எனக்கு எந்த நேரமும் பயம். இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே மடித்து ஊசி குத்தி விடுவேன்.

வேலை நடந்தது. ஆனால் வருகிற ஆட்கள் மாறிவிட்டார்கள். இவர் முன்னாலேயே நிற்பார், "அக்கா, அண்ணைக்குச் சொல்லுங்கோ, கொஞ்சம் இறுக்கமா இருக்கட்டுமாம்" என்பார்கள். இவருக்குக் காது கேட்காது என்று யார் சொன்னது? ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கண் இருக்கிற ஆளோடு கதைப்பது லேசு, அவ்வளவுதான். இவர் துணியால் கையைத் துடைப்பார். துடைத்த கையைத் திரும்பவும் துடைப்பார்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்:

"உம்மை இப்பிடி நாள் முழுக்க நிக்க வைச்சு வேலை செய்யிறது எனக்குச் சரியில்லை. நான் தனியச் செய்யக்கூடியதா ஒரு வழி பாரும். இல்லாட்டி லேத்தைக் குடுத்திடுவம்."

இவர் லேத்தைக் கொடுக்கிறதென்றால் பிறகு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே பென்சிலைச் சீவினேன்.

ஒரு வாசகரின் கேள்வி

போன வாரம் இதே பத்தியில், இப்போது நான் இந்தக் குளிர் நாட்டில் என்ன வேலை செய்கிறேன் என்று எழுதியிருந்தேன். கணினி ஓட்டுகிற யந்திரங்களுக்குக் கைச்சில்லுப் பெட்டி வடிவமைக்கிற வேலை. அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், கணினியே எல்லாம் செய்யும்போது கைச்சில்லு எதற்கு என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

கணினி வேலையைத் தொடங்கிவிட்டால் ஆள் வேண்டாம்தான். ஆனால் உளியை முதலில் இரும்பின் பக்கத்தில் கொண்டுபோய், தொட்டும் தொடாமலும் நிறுத்தி, இதுதான் தொடக்கம் என்று கணினிக்குக் காட்டவேண்டும். அதற்கு ஒரு மனிதக் கை வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டியில் ஒரு சின்னச் சில்லு. ஒரு சுற்றுக்கு நூறு சொடுக்கு. ஒவ்வொரு சொடுக்குக்கும் உளி ஒரு மயிரிழை நகரும். அந்தச் சொடுக்கு எவ்வளவு கடினமாக இருக்கவேண்டும், எவ்வளவு சத்தம் போடவேண்டும் என்பதுதான் என் பிழைப்பு.

இளம் பொறியியலாளர்கள் சிலர் சொடுக்கு எதற்கு, திரையில் எண் தெரிகிறதே என்பார்கள். நான் அவர்களை யந்திரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். உளி இரும்பை நெருங்குகிற அந்த நேரத்தில் யாராவது திரையைப் பார்க்கிறார்களா? எல்லோருடைய கண்ணும் உளி முனையில் இருக்கும். அந்த நேரத்தில் சில்லைப் பொறுத்தவரை எல்லோரும் கண் தெரியாதவர்கள்தான். அவர்கள் எங்கே படித்தாய் என்று கேட்பார்கள். முள்ளியவளையில் என்றால் அவர்களுக்கு விளங்காது.

இந்தப் பத்தியை இவருக்கு வாசித்துக் காட்டினேன். புளுகு கொஞ்சம் கூடிப்போச்சு என்கிறார்.

பந்தும் பல்லும்

கோடு கண்ணுக்கு. இவருக்கு வேண்டியது கைக்கும் காதுக்கும். சைக்கிளைப் பின்னுக்கு மிதித்தால் வருகிற டிக் டிக் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் அது ஒரு பக்கம்தான் சொடுக்கும், மறுபக்கம் பூட்டிக்கொள்ளும். எங்களுக்கு இரண்டு பக்கமும் வேண்டும்.

லேத்தோடு வந்த பல்லுச் சில்லுகளில் ஒன்றுக்குச் சரியாக நூறு பல் இருந்தது. திருகாணிக்கு மரை வெட்டுவதற்கானது. இவர் அதைச் சீலையில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார். அதைக் கைச்சில்லின் தண்டில் கோத்து, சைக்கிள் அச்சுக்குள் ஓடுகிற இரும்புப் பந்து ஒன்றைச் சுருள்வில்லால் அழுத்திப் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விழவைத்தால், ஒரு பல் ஒரு சொடுக்கு, ஒரு சொடுக்கு ஒரு தௌ. பழைய கலண்டரின் பின்பக்கத்தில் படம் கீறி, படத்தை இவருக்கு வாயால் சொன்னேன். கேட்டுவிட்டு, மரை வெட்ட வேண்டி வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். கழற்றித் தருவேன் என்றேன். சீலையை அவிழ்த்துத் தந்தார்.

வில்லில்தான் நாள் போனது. மணிக்கூட்டு வில் மெத்தென்று இருந்தது, பல் மாறியது விரலுக்குத் தெரியவில்லை. சைக்கிள் பிறேக் வில் முரடு, ஒரு பல்லுக்குத் தெண்டினால் மூன்று பல் பாய்ந்தது. கடைசியில் டோர்ச் லைற்றின் வில் பொருந்தியது. டோர்ச் இருந்தது, பற்றறியைத்தான் ஆமி வன்னிக்குள் வரவிடுவதில்லையே. அதனால் வில் சும்மா கிடந்தது.

பூட்டிக் கொடுத்தேன். இவர் சில்லில் கை வைத்துத் திருகினார். டிக், டிக், டிக். முகம் மலர்ந்துவிட்டது. கழுத்தை ஒரு பக்கம் சரித்து, பாட்டுக் கேட்கிற மாதிரிக் கேட்டார். அந்த முகத்துக்காக நான் இன்னும் பத்துச் சில்லு செய்வேன்.

ஒரு சொடுக்குப் பிழை

பழைய அலுமினியத் துண்டுகளில் பழகினார். பத்துச் சொடுக்கு நகர்த்துங்கோ என்பேன், நகர்த்துவார். அளந்து பார்ப்பேன். பதினொன்று இருக்கும். ஐந்து என்றால் ஆறு. எப்போதும் ஒன்று கூட. பந்து பல்லைத் தாவுகிறது என்று நினைத்து வில்லை மாற்றினேன், பந்தை மாற்றினேன், பல்லெல்லாம் தேய்த்துக் கழுவினேன். ஒன்று கூடியது கூடியபடியே இருந்தது.

அதற்குள் யேசுதாசன் வந்துவிட்டார். முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் வைத்திருக்கிறவர். எஞ்சின் தண்டு ஓடுகிற புஷ் தேய்ந்து, தொழிலுக்குப் போகமுடியாமல் இருந்தார். வெண்கலம் கிடைக்காத காலம். எஞ்சின் தண்டோடு, எங்கோ அலைந்து ஒரே ஒரு துண்டு கொண்டுவந்திருந்தார். வழக்கம்போல என்னிடம் நீட்டினார்.

இவர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு, "நீர் வெளியில நில்லும்" என்றார் எனக்கு.

சில்லு இன்னும் சரியில்லை என்று நான் சொல்லியிருக்கவேண்டும். பிற மனிதர் முன்னால் சொல்ல மனம் வரவில்லை. வேலியடியில் போய் நின்றேன். மிசின் ஓடிய சத்தம், உளி கடிக்கிற சத்தம், பிறகு நின்றது. உள்ளே போனேன். தண்டு புஷ்ஷுக்குள் போயிருந்தது. ஆனால் கடகடவென்று ஆடியது.

யேசுதாசன் கனநேரம் அதை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

"அக்கா, வேற ஆரும் இஞ்ச லேத் வைச்சிருக்கினமோ?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார்.

அவர் போனபிறகு இவர் பெல்றைக் கழற்றினார். லேத்தின் உடம்பு முழுக்க எண்ணெய் பூசினார், சாக்கால் மூடினார். அடுத்த மழைக்கு முன்னம் யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உதடு அசையாத இடம்

மறுநாள் காலை நான் சாக்கை இழுத்தேன். மிசின் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், சும்மா ஐந்து சொடுக்குத் திருகிக் காட்டுங்கோ என்று மன்றாடினேன். எனக்காகத் திருகினார். இந்தமுறை நான் சில்லைப் பார்க்கவில்லை. இவருடைய முகத்தைப் பார்த்தேன்.

முதல் டிக். உதடு அசையவில்லை. இரண்டாவது டிக்கில்தான் உதடு "லாபம்" என்றது. பிறகு இரண்டு, மூன்று, நாலு, ஐந்து.

கையைப் பிடித்து நிறுத்தினேன். முதலாவது எங்கே போனது என்று கேட்டேன். எந்த முதலாவது என்றார். திரும்பச் செய்யச் சொன்னேன். திரும்பவும் அப்படியே. இவருக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

இவர் வயல்காரக் குடும்பம். தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர். சூடு என்கிற கதிர்க்குவியலை அடித்து நெல் அளக்கும்போது, முதல் அளவு பிள்ளையாருக்கென்று ஒரு பக்கம் கொட்டப்படும். அதை எண்ணுவதில்லை, அந்த நேரம் வாய் திறப்பதுமில்லை. அடுத்த அளவைத்தான் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவார்கள். சின்ன வயதிலிருந்து களத்தில் நின்று எண்ணியது இவர்தான். லேத்தில் இவ்வளவு காலமும் இவர் எண்ணியதே இல்லை, கோட்டைப் பார்த்தார், முடிந்தது. கண் போய், முதன்முறையாக எண்ணவேண்டி வந்தபோது, எண்ணத் தெரிந்த ஒரே விதத்தில் எண்ணியிருக்கிறார். நான் வயல் காணாத வீட்டுப் பிள்ளை. எனக்கு எப்படித் தெரியும்?

"யேசுதாசன்ர வெண்கலத்தில பிள்ளையாருக்கு ஒரு தௌ குடுத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"நான் குடுக்கேல்லையப்பா. கை குடுத்திட்டுது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் முடியமுதல் சிரிப்பு வந்துவிட்டது. இவரும் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு அந்தக் கொட்டிலில் கேட்ட சிரிப்பு அது.

இரண்டு நாள் அந்தப் பழக்கத்தை விட முயன்றார். சும்மா திருகும்போது சரியாக வரும். உளி இரும்பைத் தொட்டதும், கவனம் எல்லாம் உளியில் போனதும், கை பழையபடி பிள்ளையாருக்கு ஒன்று போட்டுவிடும். மூன்றாம் நாள் நான் முடிவெடுத்தேன். நாற்பது வயது மனிதரைத் திருத்துவதைவிடச் சில்லைத் திருத்துவது லேசு.

கை பிடிக்கிற சில்லுக்கும் உள்ளே உளியை நகர்த்துகிற தண்டுக்கும் நடுவில் ஒரு பல் அளவு இடைவெளி விட்டேன். கை வைத்துத் திருகினால் முதல் சொடுக்கு வெறும் சொடுக்கு, உளி அசையாது. இரண்டாவதில்தான் பிடிக்கும். கையை எடுத்தால் ஒரு சின்ன வில் சில்லை ஒரு பல் பின்னுக்குத் தள்ளிவிடும், அடுத்த முறையும் முதலாவது வெறும் சொடுக்காகவே இருக்கும். யந்திரப் படிப்பில் இடைவெளி என்பது குறை. நான் வேண்டுமென்றே குறை வைத்துக் கீறிய ஒரே படம் அதுதான். அலுமினியத்தில் பத்து முறை பார்த்தோம். பத்து முறையும் சரி.

முதல் மீன்

வெண்கலத்துக்கு எங்கே போவது? சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்கு நானே போனேன். யேசுதாசன் வள்ளத்தின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். வேறு லேத்தும் கிடைக்கவில்லை, கடலுக்கும் போகவில்லை. இன்னொரு துண்டு தாருங்கோ என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் நடந்ததை அப்படியே சொன்னேன், நெல் அளப்பதிலிருந்து எல்லாவற்றையும்.

ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டார். முதலில் சிரிக்கவில்லை.

"எங்கட அப்புவும் முதல் மீனைக் கணக்கில சேர்க்கமாட்டார், அக்கா. அது கோயிலுக்கு" என்றார். பிறகுதான் சிரித்தார். "பிள்ளையாருக்கு ஒரு டிக் இருக்கெண்டால் அந்தோனியாருக்கும் ஒண்டு வைச்சுவிடுங்கோவன்."

தகப்பனாரின் பழைய வள்ளத்து எஞ்சினில் இருந்த, தண்ணீரைத் தள்ளுகிற வெண்கல விசிறியைக் கழற்றிக்கொண்டு மறுநாள் வந்தார். தகப்பனார் போய்ச் சேர்ந்துவிட்டார், விசிறியை நினைவுக்கு வைத்திருந்தார். இது பிழைத்தால் வேறு இல்லை. நான் வாசலில் நின்றேன். அவர் என்னைக் கடந்து நேரே உள்ளே போனார். விசிறியை இவர் கையில் வைத்தார்.

"அண்ணை, நடுவில குடம் நல்ல மொத்தம். இதுக்குள்ள புஷ் ஒண்டு வரும்தானே?"

இவர் குடத்தைத் தடவிப் பார்த்தார். "வரும்" என்றார். பிறகு இரண்டு பேரும் கதைத்தார்கள். எவ்வளவு இறுக்கம், எங்கே எண்ணெய்த் துளை, உப்புத் தண்ணிக்கு எது தாங்கும் என்று. என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

மிசின் ஓடியது. விசிறியின் குடத்தை அறுத்தெடுத்துக் கடைந்தார். நான் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உளி நிற்கும், கலிப்பர் உரசும், பிறகு டிக் டிக். கடைசியாகத் தண்டை எடுத்துப் புஷ்ஷில் வைத்து மெல்லத் தள்ளினார். போனது. யேசுதாசன் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"அண்ணை, என்ர தம்பியின்ர எஞ்சினுக்கும் இப்பிடி ஒண்டு செய்வமோ?" என்று கேட்டார். இவரிடம் கேட்டார்.

வேலையில்லாதவள்

அடுத்த நாள் இவர் தன்பாட்டில் எழும்பி, தன்பாட்டில் சட்டைக் கையை மடித்து, கொட்டிலுக்குப் போய்விட்டார். நான் குசினியில் நின்றேன். அங்கிருந்து சத்தம் கேட்டது. மிசின், உளி, டிக் டிக். எல்லாம் ஒழுங்காக நடந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

இதற்காகத்தானே அவ்வளவு பாடுபட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கையில் கண்ணால் தண்ணீர் வந்தது. புகை என்று எனக்கு நானே சொன்னேன், ஆனால் விறகு நன்றாகக் காய்ந்த விறகு. ஒரு வருடம் ஒரு மனிதருடைய தோளோடு தோளாக நின்றுவிட்டு, இனி வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்காதா? அவருக்கு நான் தேவைப்படாமல் இருக்க ஒரு சில்லைச் செய்து, அதைப் பூட்டியும் கொடுத்துவிட்டு, குசினியில் நின்று அழுகிறேன். என்னைப்போல ஒரு விசரி உண்டா?

மிசின் நின்றது.

"இஞ்சாரும்."

விரலோ என்று நினைத்தேன். அகப்பையோடு ஓடினேன். இவர் லேத்தின் முன்னால் நின்றார், பத்து விரலும் இருந்தன. வழக்கமாக நான் நிற்கிற இடத்தில், உட்கார என்று வீட்டுக்குள் இருந்த கதிரை ஒன்று போடப்பட்டிருந்தது. எப்போது தடவித் தடவித் தூக்கி வந்தாரோ தெரியாது. முழங்கையில் வேலியின் முள் அலம்பல் கீறிய காயம் ஒன்று இருந்தது.

"எத்தினை எண்டு பாக்கவோ?" என்று கேட்டேன்.

"இல்லை, அதை நான் பாப்பன்" என்றார். கதிரையின் முதுகைத் துணியால் ஒருமுறை துடைத்தார். "நீர் சும்மா இரும். நீர் பக்கத்தில இல்லாட்டி எனக்கு வேலை ஓடுதில்லை."